பிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லையா? திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பிரிட்ஜ் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பலவும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: “அண்ணாச்சி, பிரிட்ஜ்ல கூலிங் இல்ல. கேஸ் தீந்துபோச்சு போல, வந்து ஏத்தணும்.” போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கேஸ் இருக்கும், குறை வேறோர் இடத்தில் இருக்கும். தேவையில்லாமல் கேஸ் ஏற்றிப் பணத்தை இழந்த வீடுகளை நிறையப் பார்த்துவிட்டதால், என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பிரிட்ஜ் உண்மையிலேயே குளிரவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கையை உள்ளே விட்டுப் பார்ப்பது அளவாகாது. வெயிலில் நடந்து வந்தவருக்கு எந்தப் பிரிட்ஜும் குளிராகத்தான் தெரியும். ஒரு டம்ளர் தண்ணீரில் சாதாரண தெர்மாமீட்டரை நிறுத்தி, நடுத்தட்டில் இரவு முழுவதும் வைத்திருந்து, காலையில் கதவைத் திறந்த உடனே பாருங்கள். 4 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் பிரிட்ஜ் நன்றாக இருக்கிறது. 8, 10 என்று காட்டினால் ஏதோ குறை இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது உடம்புச் சூட்டை ஒட்டிய சில டிகிரிகளை மட்டுமே காட்டும்.

தெர்மாமீட்டர் இல்லாத வீட்டிலும் இட்லி மாவு இருக்கும். ஏற்கெனவே புளித்த மாவை ஏனத்தில் முக்கால் அளவு ஊற்றி, இரவில் உள்ளே வையுங்கள். நல்ல குளிரில் மாவு பொங்குவது ஏறக்குறைய நின்றுவிடும். விடிந்ததும் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு தட்டில் வழிந்து கிடந்தால், உள்ளே குளிர் போதவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அன்று அரைத்த, இன்னும் கிரைண்டர் சூடு ஆறாத மாவை வைத்து இப்படிப் பார்க்கக் கூடாது. அது நல்ல பிரிட்ஜிலும் சற்றுப் பொங்கத்தான் செய்யும்.

கேஸ் தீர்ந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். கேஸ் தானாகத் தீருமா?

தீராது. அடுக்களையில் இருக்கும் சிலிண்டரைப் போலக் கேஸ் எரிந்து குறைகிற வேலை பிரிட்ஜுக்குள் எங்கும் நடப்பதில்லை. கம்ப்ரஸர் அழுத்தித் தள்ளுகிற கேஸ், வெளிப்பக்கம் மடித்து மடித்து ஓடும் குழாயான காயிலுக்குப் போய்த் தன் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகி, கேப்பிலரி என்னும் மெல்லிய குழாய் வழியாக ஃப்ரீசருக்குள் நுழைந்து, அங்கே ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கம்ப்ரஸருக்கே திரும்புகிறது. பற்றவைத்து மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ் பத்து, பதினைந்து ஆண்டுகளானாலும் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆகவே கேஸ் குறைந்திருந்தால் குழாயில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸை மட்டும் ஏற்றினால், அது அதே வழியாக வெளியேறும். சில வாரமோ சில மாதமோ கழித்து அதே பில்லை நீங்கள் மறுபடி கட்டுவீர்கள். “வருஷா வருஷம் கொஞ்சம் கேஸ் விட்டுக்கணும்” என்று யாராவது சொன்னால், அதை நம்ப வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேஸ் உண்மையிலேயே கசிந்திருந்தால் என்ன அறிகுறி தெரியும்?

கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். ஆனால் குளிர் இருக்காது. பின்பக்கக் காயில், அல்லது காயில் தகட்டுக்குள் மறைந்திருக்கும் மாடல்களில் பக்கச்சுவர், வழக்கமான சூடு இல்லாமல் வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ இருக்கும். ஃப்ரீசரில் ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாக உறைபனி பிடித்து, மற்ற இடமெல்லாம் வெறுமையாக ஈரத்துடன் நிற்பது கேஸ் பாதி போனதற்கு நல்ல அடையாளம். குழாய் இணைப்புகளின் அருகில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுவாகும், ஏனென்றால் கேஸ் வெளியேறும்போது கம்ப்ரஸர் எண்ணெயையும் சிறிது கூட்டிக்கொண்டு வரும்.

கம்ப்ரஸர் ஓடும்போது காயில் நன்றாகச் சுடுகிறது என்றால், கேஸைப் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டுத் தூசி, கதவு ரப்பர், காற்றோட்டம், ஐஸ் அடைப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

மெக்கானிக் கேஸ் ஏற்றும்போது நாம் எதைக் கவனிக்க வேண்டும்?

இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே செய்யும் அவசரம்தான் பின்னால் பல ஆண்டுகள் துன்பப்படுத்துகிறது. முதலில் குழாய்க்குள் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேட வேண்டும். ஓட்டையை அடைத்தபின், குழாயில் ஈரத்தையும் தூசையும் பிடிக்கும் ஃபில்டரைப் புதிதாக மாற்ற வேண்டும். அதன்பின் வேக்குவம் பம்ப்பை மாட்டி, குறைந்தது அரை மணி நேரமாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து வெளியேற்ற வேண்டும். கடைசியில்தான் கேஸ், அதையும் தராசில் எடை பார்த்து ஏற்ற வேண்டும்.

எடை ஏன் என்றால், இன்றைய வீட்டு பிரிட்ஜ்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஆர்-600ஏ என்னும் கேஸ் மொத்தமே 30 முதல் 60 கிராம்தான், ஏறத்தாழ ஓர் எலுமிச்சம்பழத்தின் எடை. அதில் பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிர் கெடும். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது கம்ப்ரஸரின் அருகிலோ உட்சுவரிலோ ஒட்டியிருக்கும் லேபிளில் அச்சாகியிருக்கும். பழைய மாடல்களில் ஆர்-134ஏ இருக்கலாம். ஒன்றுக்குரிய கம்ப்ரஸரில் மற்றொன்றை ஏற்றக் கூடாது.

வேக்குவம் போடாமல் ஏற்றினால், குழாயில் தங்கிய துளி ஈரம் கேப்பிலரியின் முனையில் உறைந்து அடைத்துக்கொள்ளும். அப்போது பிரிட்ஜ் சில மணி நேரம் அருமையாகக் குளிர்ந்து, பிறகு நின்று, ஐஸ் உருகியதும் மறுபடி குளிரும். “நீங்க போன அன்னிக்கு நல்லா இருந்துச்சு அண்ணாச்சி, மறுநாளே போச்சு” என்று சொல்லப்படும் வீடுகளில் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். சமையல் கேஸின் இனத்தைச் சேர்ந்தது, தீப்பிடிக்கக்கூடியது. குழாயை அறுக்கும்போதும் பற்றவைக்கும்போதும் சன்னல்களைத் திறந்து வையுங்கள், அடுப்பை அணைத்துவிடுங்கள், பூசையறை விளக்கையும் குளிர வைத்துவிடுங்கள்.

மேலே ஃப்ரீசரில் ஐஸ் நன்றாகக் கட்டுகிறது. கீழே மட்டும் குளிரவில்லை. ஏன்?

இது கேஸ் குறை அன்று. மேலே ஐஸ் கட்டுகிறது என்பதே கேஸும் கம்ப்ரஸரும் வேலை செய்வதற்குச் சாட்சி. குளிர் கீழே இறங்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

ஐஸை நாமே பட்டனை அழுத்திக் கரைக்க வேண்டிய ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் பிரிட்ஜாக இருந்தால், ஃப்ரீசரைச் சுற்றி ஐஸ் விரல் கனத்துக்கு மேல் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கனத்த ஐஸ் கம்பளி போர்த்தியதுபோல் குளிரைத் தடுத்துவிடும். அரை சென்டிமீட்டர் ஆனவுடனேயே டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திக் கரைத்துவிட வேண்டும். அடுத்தபடியாக, கம்பித் தட்டுகளின்மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். தட்டு அழுக்காகக் கூடாது என்று அக்கறையோடு போடுவதுதான். ஆனால் குளிர்காற்று கீழே இறங்குவதற்காகவே அந்தக் கம்பிகளுக்கிடையே இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

ஐஸைத் தானே கரைத்துக்கொள்ளும் இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜில் குளிரைக் கீழே கொண்டுவருவது ஒரு சிறிய ஃபேன். உட்சுவரில் இருக்கும் காற்றுத் துளைகளை மாவுத் தூக்குவாளியோ கீரைக்கட்டோ மறைத்துக்கொண்டிருந்தால் விலக்கி வைத்தாலே போதும். அப்படி எதுவும் இல்லையென்றால், ஃப்ரீசரின் பின்தகட்டுக்கு உள்ளே இருக்கும் குளிர்க் காயில் முழுவதும் ஐஸால் மூடியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஐஸை அவ்வப்போது கரைப்பதற்கு உள்ளே ஒரு ஹீட்டரும், அதை இயக்க சென்சாரும் போர்டும் அல்லது டைமரும் உண்டு. இவற்றில் ஒன்று கெட்டால் ஐஸ் நாளுக்கு நாள் வளர்ந்து ஃபேனின் வழியை அடைத்துவிடும்.

இதை நீங்களே சோதிக்கலாம். பொருள்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவுகளையும் ஒரு முழுநாள் திறந்து வையுங்கள். கீழே பழைய துணி விரியுங்கள், தண்ணீர் நிறைய வரும். மறுநாள் போட்டால் பிரிட்ஜ் புதிதுபோல் குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி பழைய நிலைக்கு வந்தால், கெட்டிருப்பது டீஃப்ராஸ்ட் பாகங்களில் ஒன்று. மெக்கானிக்கிடம் அதைச் சொல்லியே கூப்பிடுங்கள். இந்த ஒரு நாள் சோதனை, தேவையற்ற கேஸ் செலவிலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ஐஸைக் கத்தியால் பெயர்த்து எடுக்கலாமா?

கூடவே கூடாது. டைரக்ட் கூல் ஃப்ரீசரின் சுவர் மெல்லிய அலுமினியத் தகடு. கேஸ் ஓடும் வழி அந்தத் தகட்டுக்குள்ளேயே இருக்கிறது. மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில் நான் ரப்பர் மாற்றிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அம்மா மீன் பொட்டலத்தை எடுக்கக் கத்தி முனையை ஐஸுக்குள் செருகித் திருகினார். ‘உஸ்’ என்று ஒரு சத்தம், ஊசிமுனை அளவு துளை, அதன் ஓரத்தில் மினுமினுவென்று ஒரு சொட்டு எண்ணெய். நான் எழுந்து போய் அடுப்பை அணைப்பதற்குள் சத்தமும் அடங்கிவிட்டது. அவர் கத்தியைக் கையில் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். ஒட்டிக்கொண்ட பொட்டலத்துக்கு ஒரு கிண்ணம் வெந்நீரை ஃப்ரீசருக்குள் வைத்துப் பத்து நிமிடம் கதவைச் சாத்தினால் போதும். அது தானாகப் பிடிவிடும்.

‘ம்ம்’ என்று உறுமிவிட்டு ‘டக்’ என்று நிற்கிறது. சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே. இது என்ன?

கம்ப்ரஸர் கிளம்ப முயன்று, முடியாமல், அதன் பாதுகாப்புச் சுவிட்சான ஓவர்லோட் அதை அணைக்கும் சத்தம் இது. முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். நம் வீடுகளுக்கு வர வேண்டியது 230 வோல்ட். கோடை மாலையில் தெரு முழுவதும் ஏசி ஓடும்போதும், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளிலும், பம்ப்செட் ஓடும் நேரத்தில் கிராமங்களிலும் அது வெகுவாக இறங்குகிறது. 180க்குக் கீழே போனால் சாதாரண கம்ப்ரஸர் திணறும். ஸ்டெபிலைசரின் முகப்பில் இதைப் படிக்கலாம். தொடர்ந்து குறைவாகவே வந்தால், மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-இல் புகார் பதிவு செய்யுங்கள். அது உங்கள் உரிமை.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் ‘டக்’ தொடர்ந்தால், கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலேயோ கெபாசிட்டரோ போயிருக்கலாம். இரண்டும் விலை குறைந்த பாகங்கள். அவற்றை மாற்றிப் பார்க்காமல் “கம்ப்ரஸர் ஜாம்” என்று முடிவு சொல்பவரிடம், மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லும்படி தயங்காமல் கேளுங்கள்.

கரண்ட் போய் உடனே திரும்பி வரும்போதும் இதே சத்தம் கேட்கலாம். குழாய்க்குள் அழுத்தம் சமமாக ஐந்து நிமிடமாவது வேண்டும். அதற்காகத்தான் நல்ல ஸ்டெபிலைசர்கள் சற்றுத் தாமதித்து மின்சாரத்தை விடுகின்றன.

கோடையில் மட்டும் குளிர் குறைகிறது. இது இயல்பா?

ஓரளவு இயல்புதான். பாளையங்கோட்டையில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் உண்டு. ஓட்டுக் கூரையோ கான்கிரீட் மாடியோ சூடேறிய அடுக்களையில் இன்னும் கூடுதலாக இருக்கும். லேபிளில் ‘டி’ (T) என்று வகை குறித்திருந்தால் அந்த பிரிட்ஜ் 43 டிகிரி வரையுள்ள சூழலுக்காகவும், ‘எஸ்டி’ (ST) என்றால் 38 வரைக்கும் வடிவமைக்கப்பட்டது. பகலில் கம்ப்ரஸர் நெடுநேரம் ஓடுவதில் தவறில்லை. இரவு குளிர்ந்த பின்னும் நிற்காமல் ஓடினால்தான் கவலைப்பட வேண்டும்.

வெயிலைவிடக் கூடுதலாகக் கெடுப்பது இடமும் தூசியும். பிரிட்ஜ் உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விட்டாக வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தாலும், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாலும், மேற்கு வெயில் சன்னல் வழியாக விழுந்தாலும் அந்தச் சூடு போக வழியின்றி அங்கேயே நிற்கும். பின்பக்கம் நான்கு விரல் அகலமாவது இடம் விடுங்கள். பழைய வளவு வீடுகளில் தார்சா என்னும் முன்கூடத்தில் வைத்த பிரிட்ஜ், அடுக்களையில் வைத்ததைவிடக் குறைவாகவே பழுதாவதை நான் கவனித்திருக்கிறேன்.

தூசி ஊருக்கு ஊர் வேறுபடும். ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் புழுதி. திசையன்விளைப் பக்கம் செந்நிறத் தேரி மணல். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று, இது குழாயையே அரித்துவிடும். முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓராண்டுக்குள் இரண்டு முறை கேஸ் ஏற்றியிருந்தார்கள். ஏற்றியவர் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை போலும். பிரிட்ஜைத் திருப்பினால், கம்பிகளே தெரியாமல் காயில் முழுவதும் பீடித்தூள் தவிட்டு நிறத்தில் அடைபோல் அப்பியிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயிண்ட் பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டி, முறத்தில் அள்ளினோம், முறம் நிறைந்தது. மறுநாள் காலையில் தெர்மாமீட்டர் 5 காட்டியது. பீடிக்கூலியில் மிச்சம்பிடித்த பணம் இரண்டு முறை வீணானதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. உங்கள் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரஷை எடுங்கள்.

கதவு ரப்பர் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். இழுபடும்போது பிடிப்புத் தெரிய வேண்டும். வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்று நுழைகிறது. நான்கு பக்கமும், குறிப்பாகக் கீழ் மூலையில், பாருங்கள். பாதி வீடுகளில் ரப்பர் கெட்டிருக்காது. மாவும் பாலும் காய்ந்து ஒட்டியிருக்கும். சோப்பு நீரில் துணியை நனைத்து மடிப்புக்குள் துடைத்தாலே பிடித்துக்கொள்ளும். வளைந்த ரப்பரை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி நேராக்கலாம். கிழிந்திருந்தால் மாற்றுவதே வழி. தரை, தண்ணீர் வடியும் அங்கணத்தை நோக்கிச் சரிந்திருக்கும் பழைய வீடுகளில், முன்கால்களைச் சற்று உயர்த்தி பிரிட்ஜை மிக இலேசாகப் பின்னால் சாய்த்துவையுங்கள். கதவு தானாகவே சாத்திக்கொள்ளும்.

கதவைச் சாத்தினால் உள்விளக்கு அணைகிறதா?

செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குமிழை எந்த எண்ணில் வைப்பது?

பெரும்பாலான மாடல்களில் எண் கூடக் கூடக் குளிர் கூடும். நடு எண்ணில் தொடங்கி, தெர்மாமீட்டரைப் பார்த்து ஓர் எண் மாற்றி, ஒருநாள் பொறுத்திருந்து மறுபடி பாருங்கள்.

சாரல் காலத்தில் பிரிட்ஜின் வெளிப்புறம் வியர்க்கிறது. பழுதா?

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கம் ஆனி, ஆடியில் காற்றே ஈரமாக இருப்பதால் கதவோரத்தில் நீர் கோத்துக்கொள்வது இயல்பு, துடைத்துவிட்டால் போதும். ஒரே இடத்தில் மட்டும் எப்போதும் வியர்த்தால் அந்த இடத்து ரப்பரைப் பாருங்கள். உள்ளே காய்கறிப் பெட்டிக்குக் கீழே தண்ணீர் தேங்கினால் வடிகால் துளை அடைத்திருக்கும். வெந்நீர் ஊற்றித் திறந்துவிடலாம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையன்று என்ன செய்வது?

கதவைத் திறக்காதீர்கள். திறக்காத பிரிட்ஜின் கீழறை ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும். நம் கோடையில் அதைவிடக் குறைவாகவே எண்ணிக்கொள்ளுங்கள். முந்தின இரவே இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களை, விரிவதற்கு இடம் விட்டு நிரப்பி, ஃப்ரீசரில் உறையவைத்து, காலையில் கரண்ட் போகுமுன் பால் இருக்கும் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். முதல்நாள் சொதியும் உவரியிலிருந்து வந்த மீனும் அன்று மிச்சம் இருக்க வேண்டாம். நம் ஊர் அல்வாவைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்குப் பிரிட்ஜே தேவையில்லை, உள்ளே வைத்தால் நெய் உறைந்து பதம்தான் கெடும்.

வீட்டில் இன்சுலின் இருக்கிறது. பிரிட்ஜ் பழுதானால்?

இந்தக் கேள்விக்கு மட்டும் மெக்கானிக் வரும்வரை காத்திருக்கக் கூடாது. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; உறைந்துபோனது பயன்படாது. அதனால் நல்ல பிரிட்ஜிலும் கதவில் வைக்காமல், ஃப்ரீசரை ஒட்டியும் வைக்காமல், நடுத்தட்டில் வையுங்கள். பழுதான அன்று பக்கத்து வீட்டிலோ மருந்துக்கடையிலோ கேட்டு வைத்துவிடுங்கள். அதற்கும் வழியில்லையென்றால், தண்ணீர் புகாத உறையில் போட்டு, ஈரமணல்மேல் வைத்த மண்பானைக்குள் நிழலில் வைத்து, அது பயன்படுமா என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ உடனே கேளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய பிரிட்ஜைப் போட்டுப் பார்க்கலாமா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறியபோது, திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் ஆற்றை ஒட்டிய தெருக்களில் பிரிட்ஜ்கள் சாய்ந்து மிதந்தன. தண்ணீர் வடிந்ததும் பலர் முதலில் செய்தது பிளக்கைச் செருகிப் பார்த்ததுதான். அதைச் செய்யாதீர்கள், பிரிட்ஜின் வெளித்தகடு முழுவதும் மின்சாரம் பாயக்கூடும். கம்ப்ரஸர் மூடி முத்திரையிட்ட உருண்டை என்பதால் அதற்குள் தண்ணீர் எளிதில் புகாது, பெரும்பாலும் பிழைத்துவிடும். கெடுவது அதன் வெளியிலிருக்கும் ரிலே, வயர் முனைகள், ஃபேன், போர்டு ஆகியவை. சேற்றைக் கழுவி, பின்மூடியைக் கழற்றி, பல நாள் நிழலில் உலரவிட்டு, வெளித்தகட்டுக்கு மின்சாரம் கசிகிறதா (எர்த் கசிவு) என்று சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். சுவருக்குள் இருக்கும் ஃபோம் தண்ணீரைக் குடித்திருந்தால் குளிர் பழையபடி நிற்காது. பக்கச்சுவரைத் தட்டினால் கனத்த, ஈரமான சத்தம் வரும். அப்படிப்பட்ட பிரிட்ஜுக்கு என்ன செலவழித்தாலும் பயன் இல்லை என்பதை அந்த டிசம்பரில் பல வீடுகளில் நேருக்கு நேர் சொல்ல வேண்டியிருந்தது.